சொந்த அனுபவத்திலிருந்து கதை: ஒரு போர்வையை வைத்துச் செய்து பார்ப்போம்

"எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் என்ன நடந்துவிட்டது?" எழுத ஆசைப்படுகிறவர்கள் பலரிடம் இந்தத் தயக்கம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் நடந்து முடிந்த ஒரு விஷயம் போதும், நம்புங்கள்.

படி 1: ஒரு காட்சியைப் பிடியுங்கள்

"என் குழந்தைப்பருவம்" என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தால் கட்டுரைதான் வரும். காரணம் தெரியாமலே அடிக்கடி நினைவுக்கு வரும் காட்சி ஒன்று இருக்குமே, அதை எடுங்கள். என்னுடையது இது: அக்காவும் நானும் சண்டை போட்டு மூன்று நாளாகப் பேச்சில்லை. மாடியில் காய்ந்த பெரிய போர்வையை என்னால் தனியாக மடிக்க முடியவில்லை. அவள் வந்து மறுமுனையைப் பிடித்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் எதிரெதிரே நடந்து வந்து, முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகினோம். அவ்வளவுதான்.

ஆனால் இன்னும் ஆறாத மனக்காயத்தில் தொடங்காதீர்கள். உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்களைப் பாதித்த நிகழ்வுகளை எழுதினார்கள். உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்ததும் மனம் கனத்தது; ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். அப்படி எழுதுவது நல்லதுதான். ஆனால் அது உங்களுக்கான எழுத்து. தனி நோட்டில் இருக்கட்டும்.

படி 2: பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பத்து நிமிடம். வாக்கியம் வேண்டாம், சொற்கள் போதும். துணியில் மிச்சமிருந்த வெயில் சூடு, அவள் விரலில் மை, உதறும்போது வந்த சத்தம். "வருத்தமாக இருந்தது" என்று எழுதத் தோன்றினால், அப்போது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள்.

சில விவரங்கள் நினைவுக்கு வராது. பயப்படாமல் கற்பனையால் நிரப்புங்கள். பழக்கமில்லாத ஒரு கதையைப் படித்துவிட்டுத் திருப்பிச் சொன்னவர்கள், புரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932-இலேயே காட்டினார். நினைவு எப்போதும் கொஞ்சம் கதை கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

படி 3: வெட்டுங்கள்

என் முதல் வரைவில் சண்டைக்கான காரணமே ஒன்றரைப் பக்கம். படித்துப் பார்த்தால், நான் கதை சொல்லவில்லை, நியாயம் கேட்டுக்கொண்டிருந்தேன். முழுவதையும் எடுத்தேன். "நிஜமாகவே அப்படித்தான் நடந்தது" என்பதற்காக ஒரு வரியைக்கூட வைத்திருக்க வேண்டியதில்லை.

படி 4: எதிரில் நிற்பவருக்குள் போங்கள்

இதுதான் கடினமான படி, இதற்கே அதிக நேரம் கொடுங்கள். "நான்" என்பதை எடுத்துவிட்டு, அதே காட்சியை மற்றவரின் பார்வையில் ஒரு பக்கம் எழுதுங்கள். அக்காவாக எழுதியபோதுதான் ஒரு கேள்வி வந்தது: நான் கூப்பிடவில்லையே, அவள் ஏன் மாடிக்கு வந்தாள்? படிக்கட்டில் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்? இத்தனை வருடத்தில் நான் அதை யோசித்ததே இல்லை. கதை அந்தப் படிக்கட்டில் தொடங்கியது. நடந்ததை அப்படியே எழுதியிருந்தால் அந்த இடத்துக்கு நான் போயிருக்கவே மாட்டேன்.

படி 5: பெயர், தொழில், ஊரை மாற்றுங்கள்

அப்படியும் அடையாளம் தெரியும் என்றால், வெளியிடும் முன் அவரிடம் காட்டிவிடுங்கள்.

நான் அக்காவிடம் காட்டினேன். மெதுவாகப் படித்து முடித்துவிட்டு, "மூன்று நாளெல்லாம் இல்லை, ஒரே நாள்தான் பேசாமல் இருந்தோம்" என்றாள். கதையில் மூன்று நாளாகவே விட்டிருக்கிறேன். எனக்கு அது அவ்வளவு நீளமாக இருந்தது.