அலையாத்தி நடுவதற்கு முன்: கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது. அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டை (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரங்களின் காடு) விரிவாக ஆராய்ந்ததோடு, 1990களில் வெள்ளாற்றின் கரையிலேயே அலையாத்தி வளர்த்தும் காட்டிய மையம் அது. இன்று கடலோரக் கல்லூரிகள் பலவும் இப்பணியில் இறங்க விரும்புகின்றன. மாணவர்களின் அந்த உழைப்பு சேற்றோடு போய்விடக் கூடாது என்ற கவலையில்தான் பின்வரும் தவறுகளை எடுத்துரைக்கிறேன்.

மிகப் பெரிய தவறு, நீரோட்டத்தைப் பார்க்காமல் கன்றுகளை நடுவதாகும். பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுத்தார்கள். நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்து தொட்டிபோல் குழிந்துவிட்டதால், கடல்நீர் ஏறும்போது புகுந்த நீர், கடல்நீர் இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, மண்ணில் உப்பைக் கூட்டிக்கொண்டே போனது. அப்படிப்பட்ட நிலத்தில் எத்தனை முறை நட்டாலும் கன்று பிழைக்காது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, நடுவே பெரிய வாய்க்காலும் அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் வெட்டி, இப்படி ஏறி இறங்கும் ஓதநீர் வந்துபோக வழி செய்த பிறகே அங்கு வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் தழைத்தது. எனவே ஓர் இடத்தில் அலையாத்தி ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

சுரபுன்னை என்ற அலையாத்தி வகையை மட்டுமே எங்கும் நடுவது மற்றொரு தவறு. மரத்திலேயே முளைத்துக் குச்சிபோல் நீண்ட அதன் விதையைச் சேற்றில் ஊன்றுவது எளிது என்பதால் எல்லோரும் அதையே நாடுகிறார்கள். ஆனால் பிச்சாவரத்தில் அது வாய்க்கால் ஓரத்தில் குறுகிய வரிசையாக நிற்க, உள்நிலத்தை வெண்கண்டலே நிரப்புகிறது. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் இரை தேடும் திறந்த சேற்றுவெளியை வெற்று நிலமாகக் கருதி மரம் வளர்ப்பது, பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் அழிவு.

சர்வதேச அலையாத்தி நாளான ஜூலை 26 அன்று விழா எடுத்து நடும் வழக்கமும் மறுபரிசீலனைக்குரியது. நம் கிழக்குக் கடற்கரைக் கழிமுகங்களில் கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் உப்பு மிகுந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் இறங்கும்போதுதான் அது தணியும். ஜூலையில் பேசலாம், நாற்றங்காலைப் பார்க்கலாம். நடவை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மக்களிடம் பேசும்போது மிகைப்படுத்துவது நம்பிக்கையைக் கெடுக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், பரங்கிப்பேட்டை மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் அப்பகுதியின் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து, அலையாத்தி பாதிப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். அதே தரவுகளை மறு ஆய்வு செய்த வேறு அறிஞர்கள், கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே பெரும்பாலான வேறுபாட்டை விளக்கிவிடுகின்றன என்று மறுத்தார்கள். இந்த விவாதத்தை மறைத்துவிட்டு "அலையாத்தி இருந்தால் சுனாமி வராது" என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, காட்டை நம்பிக் கரையில் வீடு கட்டும் துணிச்சலைத் தரக்கூடும். மீன்குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் புகலிடம், கரையரிப்புக்குத் தடை, சேற்றில் சேரும் கரிமம் என்று சொல்வதற்கு உண்மைகள் ஏராளமாக உள்ளன.

அந்த உண்மைகளுள் பலவற்றை நன்கு அறிந்தவர்கள் பிச்சாவரத்தின் இருளர் மக்கள். வாய்க்கால்களில் இறங்கிக் கையால் தடவியே இறாலும் நண்டும் பிடிப்பவர்கள், எந்த மூலையில் நீர் தேங்கும் என்பதைக் காலால் அறிவார்கள். அவர்களைத் தொடக்க விழாவுக்குப் பார்வையாளர்களாக அழைக்காமல், இடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே கூலியுடன் ஆலோசகர்களாக அமர்த்த வேண்டும். ஆய்வின் முடிவையும் அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை அறிக்கையின் முதல் வரியில் எழுதுவதையும் கைவிடலாம். மூன்றாம் ஆண்டின் முடிவில் எத்தனை உயிரோடு உள்ளன, பட்டுப்போனவை எவ்விடத்தில் எதனால் பட்டன என்பதே அங்கே இருக்க வேண்டியது.