ஜாலான் புசார் விளையாட்டரங்கம்: போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'சிங்கப்பூர்க் காற்பந்தின் பிறப்பிடம்' என்று சொல்லி, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை இந்த அரங்கத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் பலர் முதல் தவறை ரயிலிலேயே செய்துவிடுகிறார்கள். ஜாலான் புசார் என்ற பெயரில் எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கிறதே என்று அங்கே இறங்கிவிடுவார்கள். அதே டௌன்டவுன் பாதையில் அடுத்து வரும் பெண்டமியர்தான் அரங்கத்துக்குப் பக்கம். தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், ஃபேரர் பார்க் வழியாக நடந்தே வந்துவிடலாம்.

வந்து சேர்ந்ததும் பழைய கட்டடத்தைத் தேடாதீர்கள். அரங்கம் திறக்கப்பட்டது 1929 டிசம்பரில். ஆனால் அதை இடித்துவிட்டுக் கட்டிய புது அரங்கம்தான் 2003 முதல் அங்கே நிற்கிறது. ஆறாயிரம் பேர் உட்காரலாம், புல்கூட செயற்கைதான். மலாயா மாநிலங்களும் சிங்கப்பூரும் மோதிய மலாயாக் கிண்ணக் காற்பந்து ஆட்டங்கள் நடந்த இடம் இது என்பதுதான் பெருமை. சுவரில் அதைத் தேடினால் கிடைக்காது.

நம் ஆட்கள் இந்த அரங்கத்தை அதிகம் குழப்பிக்கொள்வது காலாங் பகுதியில் இருக்கும் தேசிய விளையாட்டரங்கத்தோடு. அப்பா, மாமா காலத்துக் காற்பந்து வீரர் ராஜகோபாலின் வளைந்து பறக்கும் உதை, அப்புறம் சுந்தரமூர்த்தியின் கால் வித்தை, ரசிகர்களின் கூச்சலில் அரங்கமே அதிரும் 'காலாங் கர்ஜனை' எல்லாம் 1973இல் திறந்த பழைய தேசிய விளையாட்டரங்கத்தின் நினைவுகள். அதையும் இடித்துவிட்டார்கள். இப்போது காலாங்கில் இருப்பது 2014இல் வந்தது. அந்தக் கதைகளை இங்கே நின்று பிள்ளைகளிடம் சொன்னால், பக்கத்தில் நிற்கும் பெரியவர் யாராவது திருத்திவிடுவார்!

காற்பந்தை மட்டும் பேசிவிட்டுத் திரும்புவதும் சரியில்லை என்பேன். ஜப்பானியர் பிடியில் சிங்கப்பூர் விழுந்த 1942 பிப்ரவரியில், சீன ஆண்களை வரிசையில் நிறுத்திச் சலித்தெடுத்த 'சூக் சிங்' சோதனை நடந்த இடங்களில் ஜாலான் புசாரும் ஒன்று. அப்படிப் பிரித்துக் கொண்டுபோனவர்களில் ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். கூட வருகிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

கடைசியாக நேரம். பகலில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்பது நியாயமில்லை. உள்ளூர்க் காற்பந்துக் குழுக்கள் மோதும் சிங்கப்பூர் பிரிமியர் லீக்கின் அட்டவணையைப் பார்த்து, இங்கே ஆட்டம் இருக்கும் மாலையாகத் தேர்ந்தெடுங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் ஆட்டத்தை நிறுத்திவைப்பார்கள், அதனால் இரவு பத்து மணிக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.