போஸ்ட்டாக் வந்தவர்களுக்கு: முதலில் தேதியைப் பிடியுங்கள்

அமெரிக்காவில் போஸ்ட்டாக், அதாவது பி.எச்.டி.-க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலைக்கு வந்து இறங்கியதும் வீடு, வங்கிக் கணக்கு, லைசென்ஸ் என்று நாட்கள் ஓடிவிடும். கிரீன் கார்டா, அது புரொபசர் பார்த்துச் செய்வார் என்று இருந்துவிடுவோம். இந்தியாவில் பிறந்தவர்கள் அப்படி இருக்கக் கூடாது. எந்த நாட்டில் பிறந்தாலும் கிரீன் கார்டின் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதம்தான் உச்சவரம்பு. வேலை வழி கிரீன் கார்டில் இ.பி.-1, இ.பி.-2 என்று பிரிவுகள் உண்டு. அதனால் 2025-இல் இந்தியர்களின் இ.பி.-2 வரிசை 2012, 2013 வாக்கில் விண்ணப்பித்தவர்களிடம்தான் நின்றது. உயர்திறனாளர்களுக்கான இ.பி.-1 வரிசையோ 2022-இன் தொடக்க மாதங்களுக்கு வந்திருந்தது.

பாஸ்போர்ட் அல்ல, பிறந்த நாடுதான் கணக்கு. யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்தவருக்கு இந்த நீண்ட வரிசை இல்லை. கணவனோ மனைவியோ அங்கே பிறந்திருந்தால் அவருடைய நாட்டுக் கணக்கிலேயே இருவரும் போகலாம்.

நம்மவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். முதலில் என்.ஐ.டபிள்யூ (நாட்டு நலனைக் காட்டிக் கேட்கும் இ.பி.-2 வழி) போடுங்கள். வேலை கொடுப்பவர் தேவையில்லை, நீங்களே ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவைத் தாக்கல் செய்யலாம். 2016-இல் வந்த தனசார் (Dhanasar) தீர்ப்பு மூன்று கேள்விகள் வைக்கிறது: செய்யப்போகும் வேலை நாட்டுக்கு முக்கியமா, அதைச் செய்து முடிக்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா, உள்ளூரில் ஆள் கிடைக்கிறதா என்று பார்க்கும் வேலைச் சந்தைச் சோதனையை உங்களுக்காகத் தளர்த்துவதில் நாட்டுக்கு நன்மையா. "புற்றுநோய் ஆராய்ச்சி முக்கியம்" என்று எழுதினால் போதாது. அதில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் விஷயம். ஒப்புதல் வந்துவிட்டால் மனு தாக்கல் செய்த தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடம், உங்களுடையது. பிற்பாடு இ.பி.-1ஏ (அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான பிரிவு) கிடைத்தால் பழைய தேதியோடு அந்த வரிசைக்கு மாறிக்கொள்ளலாம்.

இ.பி.-1ஏ-வுக்குப் பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்று தேற வேண்டும். மூன்று தேறினாலும், துறையின் உச்சியில் இருப்பவரா என்று மொத்தமாக ஒருமுறை எடைபோடுவார்கள். பல்கலைக்கழகம் நிரந்தர வேலை தந்தால் இ.பி.-1பி (பேராசிரியர், ஆராய்ச்சியாளர்களுக்கான பிரிவு) எளிது: ஆறு அளவுகோல்களில் இரண்டு, கூடவே மூன்று வருட அனுபவம். ஆனால் போஸ்ட்டாக் பதவிக்கு அதைப் போட நிர்வாகங்கள் பொதுவாக முன்வருவதில்லை.

சான்றுகளை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். கட்டுரையை மதிப்பிட்டு அனுப்பியதும் ஜர்னல் எடிட்டரிடமிருந்து "நன்றி" என்று ஒரு வரி மெயில் வருமே, அதை அழிக்காதீர்கள். பல்கலைக்கழக மெயில் கணக்கு வேலையோடு போய்விடும், பி.டி.எஃப். ஆக்கி வெளியே வையுங்கள். சந்தா கட்டிச் சேர்ந்த சங்க உறுப்பினர் அட்டைக்கு மதிப்பில்லை. உங்களோடு வேலையே செய்யாத, உங்கள் கட்டுரையைப் பயன்படுத்திய ஒருவரின் கடிதம் சொந்த கைடின் கடிதத்தைவிட அதிகம் பேசும்.

அப்புறம் ஜே-1, போஸ்ட்டாக் பலரும் வரும் பரிமாற்ற விசா. அந்த விசாவில் இருந்துகொண்டே ஐ-140 போட்டால், குடியேறும் எண்ணம் இருக்கிறது என்று கருதப்பட்டு, அடுத்த முறை ஊரில் விசா ஸ்டாம்பிங் சிக்கலாகலாம். எச்-1பி வேலை விசாவில் அந்தத் தொல்லை இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி குலுக்கலான லாட்டரியும் இல்லை. ஆனால் ஜே-1 முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் போய் இருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்கு இருந்தால் எச்-1பி, கிரீன் கார்டு இரண்டும் அடைபடும். விசாவின் அடியில் இருக்கும் குறிப்பை மட்டும் நம்பாதீர்கள், அது முடிவானதல்ல. இந்த விதிக்குக் காரணமாகும் துறைப்பட்டியலிலிருந்து இந்தியா 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது. அரசுப் பண உதவியில் வந்தவர்களுக்கு விதி அப்படியே இருக்கிறது. விதியிலிருந்து விலக்குத் தரும் வெய்வருக்குப் பரிந்துரை வந்துவிட்டால் ஜே-1-ஐ நீட்டிக்க முடியாது. ஆகவே ஜே-1-க்கான டிஎஸ்-2019 படிவத்தை முடிந்த மட்டும் நீட்டித்துக்கொண்ட பிறகு வெய்வருக்கு விண்ணப்பியுங்கள்.