சோதனைச் சர்வரிலிருந்து வாடிக்கையாளருக்குப் போன மின்னஞ்சல்

எங்கள் அலுவலகத்தில் பில்லும் சரக்கு இருப்பும் ஓடூ 15 மென்பொருளில் நடக்கின்றன. வேலை நடக்கும் சர்வரிலேயே மாற்றங்களைச் செய்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தனியாக ஒரு சோதனைச் சர்வர் அமைத்தேன்.

ஓடூவின் தரவெல்லாம் இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நகலெடுத்து அதில் ஏற்றினேன். திரை வந்தது, பொருள்களின் படங்கள் வரவில்லை. ஓடூ படங்கள் போன்ற இணைப்புக் கோப்புகளை வட்டில், ஃபைல்ஸ்டோர் என்ற தனி அடைவில் வைக்கிறது. அதையும் புதிய தரவுத்தளத்தின் பெயரிட்டு நகலெடுத்ததும் சரியாயிற்று.

மறுநாள் காலை ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். "போன வாரமே பணம் கட்டிவிட்டேனே, ஏன் மறுபடி நினைவூட்டல்?" எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பழைய தரவுடன் இருந்த நகல், இரவில் தன் கடமையைத் தவறாமல் செய்திருக்கிறது! குறித்த நேரத்தில் தாமே ஓடும் தானியங்கிப் பணிகளும் மின்னஞ்சல் சர்வரின் கடவுச்சொல்லும் நகலோடு சேர்ந்தே வந்திருந்தன.

மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் மீண்டும் அமைத்தேன். இப்போது நகலை ஏற்றியதும், ஓடூவை இயக்கும் முன்பே, எஸ்கியூஎல் (தரவுத்தளத்துக்கு நேரடியாகக் கட்டளையிடும் மொழி) வழியாகத் தானியங்கிப் பணிகளை நிறுத்துகிறேன். வெளிச்செல்லும் அஞ்சலை, அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் மெயில்ஹாக் என்ற சோதனைக் கருவியின் பக்கம், 1025 போர்ட்டுக்குத் திருப்புகிறேன். அஞ்சல்கள் அங்கேயே தங்கிவிடும்; 8025 போர்ட்டில் பிரௌசரில் படித்துப் பார்க்கலாம். முதலில் இயக்கிவிட்டுப் பிறகு நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு நிமிடத்திலேயே அஞ்சல் போய்விடும். ஓடூ 16 முதல் இதற்கென்றே நியூட்ரலைஸ் என்ற கட்டளை இருக்கிறது.