புது காருக்கு முதல் செலவு எதற்கு? கிருஷ்ணகிரி ரோட்டில் நான் செய்ததும் பார்த்ததுமான தவறுகள்

வண்டிக்கு மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை. மச்சான் போன் பண்ணினான். "மாமா, சைலன்சர் மாத்தறதா, இல்ல ரீமேப் பண்றதா? எது முதல்ல?" ரீமேப் என்றால் இஞ்சினின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றி பவரைக் கூட்டுவது.

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், சாதாரண ஹேட்ச்பேக். தினம் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்வர நூறு கிலோமீட்டர். மாதம் ரெண்டு தடவை சேலம், அதாவது தொப்பூர் கட்டமேடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒகேனக்கல்லோ வத்தல்மலையோ, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு.

"ரெண்டும் இருக்கட்டும், டயர்ல காத்து எவ்ளோ இருக்கு?" என்றேன். பார்த்ததே இல்லை. மறுநாள் பார்த்தால் நாலிலும் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கிறது. டெலிவரி கொடுத்த இடத்தில் யாரும் குறைத்துவிடவில்லை. வளைவில் வண்டி மிதப்பதுபோல இருக்கிறது, சஸ்பென்ஷனையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன், காற்றைச் சரிசெய்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ரோட்டைத் தொடுவது உள்ளங்கை அகலத்தில் நாலு ரப்பர்த் துண்டுகள்தான். காற்று அதிகமானால் அந்தத் துண்டு இன்னும் சுருங்கிவிடும். காலையில் வண்டி எடுக்கும் முன் குளிர்ந்த டயரில் பார்க்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பங்க்கில் பார்த்தால் சூட்டில் நாலைந்து பாயின்ட் கூடத்தான் காட்டும். அதைக் குறைக்கவும் கூடாது. இன்னொன்று, நைட்ரஜன் போட்டால் வண்டி ஒட்டிக்கொண்டு ஓடும் என்பார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

இப்படி நாம் எல்லோரும் செய்யும் முதல் தவறு வரிசையில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது, கடைசியில் ரோட்டைத் தொடுவது என்று போகிறோம். அது தலைகீழாக இருக்க வேண்டும். அதோடு, முதல் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு எதையுமே மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. புது டயரின் மேல் அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு இருக்கும், அது தேய சில நூறு கிலோமீட்டர் வேண்டும். பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று படிய வேண்டும். இஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டாமலும், ஒரே வேகத்தில் மணிக்கணக்காக வைத்து ஓட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழகாத வண்டியில் எது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதே தெரியாது. தெரியாததை எப்படி மாற்றுவது?

சரி, பழகிவிட்டது, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் டயர். ரெண்டாவது பேச்சே கிடையாது. கம்பெனியில் வரும் டயர் மைலேஜ் கணக்குக்காகத் தேர்ந்தெடுத்தது, பெரும்பாலும் ரப்பர் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். சூளகிரி பக்கம் முதல் மழை பெய்த ரோட்டில் பிரேக் போட்டுப் பார்த்தவருக்குத் தெரியும். அதே அளவில் ஈரப்பிடி நன்றாக உள்ள டயர் போட்டாலே வளைவு, பிரேக், மழை மூன்றும் ஒரே செலவில் மாறும். பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளுவதாக இருந்தால் சீக்கிரம் தள்ளுங்கள், தேய்ந்த டயருக்குக் கடைக்காரர் ஒன்றும் தரமாட்டார். புது டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 1825 என்றால் 2025-ம் ஆண்டின் 18-வது வாரம் தயாரானது. "ஆஃபர்" என்று ரெண்டு வருஷம் கிடங்கில் கிடந்ததைத் தலையில் கட்டுவார்கள், குனிந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

அளவை மாற்றும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். 185/65 ஆர்15 என்ற டயரின் (அகலம் 185 மில்லிமீட்டர், சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச்) மொத்த உயரம் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 போட்டாலும் அதே 621 தான் வரும், பிரச்சினையில்லை. ஆனால் "அகலமா போடுங்கண்ணே" என்று 205/65 ஆர்15 போட்டால் 647 ஆகிவிடும், நாலு சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது முன்பு போனதைவிட மூன்று கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் உள்ளே உரசவும் கூடும், புறப்பாட்டில் இழுவையும் குறையும். உங்கள் மாடலின் டாப் வேரியன்ட்டில் கம்பெனியே என்ன அளவு கொடுத்திருக்கிறது என்று மேனுவலில் பாருங்கள். அதுதான் எல்லை. அளவுக்குப் பின்னால் வரும், டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண், வேகத்தைக் காட்டும் எழுத்து ரெண்டும் பழையதைவிடக் குறையக் கூடாது.

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். என் முதல் காருக்கு நான் 17 இன்ச் அலாய் போட்டேன். பார்க்க அப்படி இருந்தது. 120 மில்லிமீட்டர் இருந்த டயர் சுவர் 92 ஆகிவிட்டதை நான் யோசிக்கவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் வண்ணம் அழிந்துபோன ஒரு வேகத்தடை, அதைத் தாண்டியதும் ஒரு பள்ளம். முன் ரிம் வளைந்துவிட்டது. அதைத் தட்டி நிமிர்த்தினேன், போகட்டும். அதைவிடப் பெரிய தலைவலி 85-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கியது. போட்ட கடையில் மூன்று தடவை பேலன்சிங் செய்து மூன்று தடவையும் காசு வாங்கினார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது.

கடைசியில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சின்ன அலைன்மென்ட் கடையில் வயசான ஒருவர் சக்கரத்தைக் கழற்றி, நடு ஓட்டையில் வெர்னியர் அளவுகோலை வைத்தார். 73.1 மில்லிமீட்டர். வண்டியின் ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டும் நடு மேட்டை, அளந்தார், 54.1. "தம்பி, சக்கரம் ஹப்பு மேல உக்காரவே இல்ல, நாலு நட்டுல தொங்குது" என்றார். எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிய ஓட்டையோடு செய்த அலாய் அது. நடுவில் ஒரு வளையம் போட்டு இடைவெளியை அடைக்க வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமான். போட்டதும் நடுக்கம் நின்றது. அன்றிலிருந்து அலாய் வாங்கப் போகிறவர்களிடம் டிசைனைப் பற்றி நான் பேசுவதில்லை. நட்டுகளின் இடைவெளி, ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரும் என்ற அளவு), நடு ஓட்டை, நட்டின் சரிவு என்று நாலைத்தான் கேட்கச் சொல்கிறேன். கூடவே ஒரு சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கவும் சொல்வேன். பழைய சக்கரத்தைவிட கனமாக இருந்தால் காசு கொடுத்து வண்டியைக் கெடுக்கிறீர்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே ஏறும் ஒவ்வொரு கிலோவும் பள்ளத்தில் தெரியும்.

அடுத்தது வண்டியைத் தாழ்த்துவது. வளைவில் வண்டி சாய்கிறது, அதனால் ஸ்பிரிங்கை வெட்டிவிடலாம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. சாய்வது வேறு, பிடி விடுவது வேறு. நன்றாகச் சாய்ந்துகொண்டே டயர் ஒட்டியிருக்கும் வண்டியும் உண்டு, சாயாமலே வழுக்கும் வண்டியும் உண்டு. ஸ்பிரிங்கில் ரெண்டு சுற்றை வெட்டினால் மிச்சமிருப்பது முன்பைவிட விறைப்பாகிவிடும். பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது. வண்டி குதிக்கும், குதிக்கும் நேரம் டயர் ரோட்டில் இருக்காது. நல்ல ரோட்டில் தெரியாது, பாலக்கோட்டுப் பக்கம் கிராமத்து ரோட்டில் தெரியும். சக்கரம் முழுசாகத் தொங்கும்போது வெட்டின ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டு விலகுவதும் உண்டு. ஐந்து பேரும் மீன் வாங்கின பையும் ஏறின பிறகு ஒகேனக்கல்லிலிருந்து திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் ரெண்டு பேரை இறக்கிவிட்டு ஏற்றிய ஒரு வண்டியை எனக்குத் தெரியும். நிஜமாகவே இறுக்கமான வண்டி வேண்டுமென்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்திய செட்டாகப் போட வேண்டும். ஒரிஜினல் ஷாக் தேயும்வரை காத்திருந்து செய்தால் செலவும் வீணாகாது. முன் ஷாக்குகள் ரெண்டின் தலையையும் இணைக்கும் ஸ்ட்ரட் பார் போட்டால் பானெட்டைத் திறக்கும்போது அழகாக இருக்கும், தினசரி ஓட்டத்தில் அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வதை, யாரும் அப்கிரேட் என்று மதிப்பதில்லை. ஐயாயிரம் ஓடியதும் டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் ஒருமுறை உள்ளிருந்து வெளியே, ஒருமுறை வெளியிருந்து உள்ளே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் ரம்பம்போலவும் இருந்தால் டோ, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, சரியில்லை. மச்சான் வண்டியில் அப்படித்தான் இருந்தது. சரிசெய்த பிறகு, நேர்ரோட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தது நின்றுபோனது. கடையில் முன்னும் பின்னும் எடுத்த அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு தராமல் "பாத்தாச்சுண்ணே, ஓகே" என்றால் வேறு கடைக்குப் போகலாம்.

பிரேக்குக்கு வருவோம். நம் மாவட்டத்துக்காரன் இதை விட்டுவிட்டு ரீமேப் பேசுவது எனக்குப் புரியவே இல்லை. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்கு முன்னால், லாரிகள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதையும் அதன் விளைவையும் பார்த்தவர்கள் நாம். அதையே காரிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் ஊசி அடைத்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் இஞ்சின் ஓட பெட்ரோல் செலவாகும். இஞ்சினை அணைத்துவிட்டால் இன்னும் மோசம், ரெண்டு மிதியில் பூஸ்டரின் வாக்குவம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். மூன்றாம் கியர், ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோட், பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது. அதற்கு ஒரு பைசாகூடச் செலவில்லை.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறின பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்கலாம். வத்தல்மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கில் கால் வைத்திருந்தால் அந்தச் சூட்டை எட்டுவது கஷ்டமில்லை. கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரைச் சிவப்பாக மாற்றுவதைவிட உபயோகம். பெரிய டிஸ்க் வேண்டாமா என்றால், இருக்கிற பிரேக்காலேயே டயரை ஏபிஎஸ் அடிக்கும்வரை பூட்ட முடிகிறது. அதற்குமேல் நிறுத்துகிற வேலை டயருடையது.

இஞ்சின் பக்கம் சுருக்கமாகவே சொல்கிறேன். டர்போ இல்லாத 1.2 லிட்டரில் ரீமேப், ஏர் ஃபில்டர், சைலன்சர் மூன்றும் சேர்ந்தாலும் கிடைப்பது ஒற்றை இலக்கக் குதிரைச் சக்திதான், சத்தம்தான் அதிகமாகும். திறந்த கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள்ளிருந்து சூடான காற்றை இழுக்கும். கிரானைட் லாரிக்குப் பின்னால் ஓடுகிற நமக்குத் தூசியையும் இலவசமாகத் தரும். சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைத்த இஞ்சினில் அதிக ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் பவர் கூடாது, பில் மட்டும் கூடும். டர்போ வண்டியில் ரீமேப் நிஜமாகவே தெரியும், மறுக்கவில்லை. ஆனால் கூடுகிற இழுவையைக் கிளட்சும் கியர் பாக்ஸும்தான் சுமக்க வேண்டும். அதிலும் கிளட்சைக் குளிர்விக்க ஆயில் இல்லாத டிரை கிளட்ச் ஆட்டோமேட்டிக், ஓசூர் சாயங்கால நெரிசலில் ஏற்கெனவே சூடாகித் தவிக்கிறது. வாரன்டி போனால் மொத்தமும் உங்கள் கையிலிருந்துதான்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி வடிவமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. செக் போஸ்ட்டில் பிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வெட்டின ஸ்பிரிங்கையும் வெளியே துருத்தின சக்கரத்தையும் போட்டோ எடுப்பார். அப்போது பேச வாய் இருக்காது.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. டயரும் ஸ்பிரிங்கும் அலாயும் ஒரே சனிக்கிழமையில் மாற்றிவிட்டு, திங்கட்கிழமை வண்டி இடதுபக்கம் இழுத்தால் எதைக் குறை சொல்வது?

மச்சான் வண்டி இப்போது ஒன்பதாயிரம் ஓடியிருக்கிறது. இதுவரை ஒரு காற்று மானி வாங்கினான், ஒரு அலைன்மென்ட் செய்தான். சீட்டு கிளவ் பாக்ஸில் இருக்கிறது. டயருக்குத் தீபாவளி போனஸை ஒதுக்கிவைத்திருக்கிறான். சைலன்சர் ஆசை மட்டும் போகவில்லை. நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான், நான் இன்னும் திறக்கவில்லை.