பிரிட்டனில் டிரைவிங் டெஸ்ட்: காருக்குள் காதில் விழும் ஆங்கிலம்

ஊரில் பல வருஷம் வண்டி ஓட்டியவர்கூட பிரிட்டனில் டிரைவிங் கிளாஸுக்குப் போய் உட்கார்ந்ததும் கொஞ்சம் தடுமாறுவார். கை காலுக்கு வண்டி தெரியும், காதுக்குத்தான் தெரியாது. இந்திய லைசென்ஸோ இலங்கை லைசென்ஸோ, இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். அப்புறம் பழகுநருக்கான புரொவிஷனல் லைசென்ஸ், தியரி டெஸ்ட், பிராக்டிகல் டெஸ்ட் என்று அடியிலிருந்து வர வேண்டும். ஒரு காலத்தில் தியரி டெஸ்ட் கேள்விகளை ஹெட்ஃபோனில் தமிழிலேயே கேட்கலாம். பிராக்டிகலுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போகலாம். 2014 ஏப்ரலில் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலம், இல்லையென்றால் வெல்ஷ். வெல்ஷ் நமக்கு எந்த வகையிலும் உதவப் போவதில்லை.

ஆங்கிலம் ஓரளவு படிக்க வரும், ஆனால் எதிராளி வேகமாகப் பேசினால் பிடிபடவில்லை என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. பாகங்களின் பெயரை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். கிளட்ச், பிரேக், கியர், ஸ்டியரிங் எல்லாம் எப்போதோ தமிழாகிவிட்டன. டெஸ்டில் காலை வாருவது 'புல்', 'மூவ்', 'டேக்' மாதிரியான குட்டி வினைச்சொற்களும், அவற்றின் வாலில் ஒட்டிக்கொள்ளும் 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'இன்' ஆகியவையும்தான். ஆனாலும் பெயர்களை முதலில் முடித்துவிடலாம், அதிக வேலை இல்லை.

படி 1: மாற்றிக்கொள்ள வேண்டிய பெயர்கள் மட்டும்

நாம் டிக்கி என்பதை இங்கே 'பூட்' என்பார்கள். சைலன்ஸர் என்று பொதுவாக நாம் சொல்லும் புகைக்குழாய் 'எக்ஸாஸ்ட்'. முன் கண்ணாடி 'விண்ட்ஸ்கிரீன்'. ஹெட்லைட்டை டிம் செய்தால் 'டிப்ட் ஹெட்லைட்ஸ்', பிரைட்டில் போட்டால் 'மெயின் பீம்' அல்லது 'ஃபுல் பீம்'. ரவுண்டானா 'ரவுண்ட்அபவுட்'. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் கிளட்சைச் சட்டென்று விட்டதால் நின்றுபோனால் 'வண்டி ஆஃப் ஆகிவிட்டது' என்போம் அல்லவா, அதற்கு இங்கே 'ஸ்டால்'. 'ஸாரி, ஐ ஸ்டால்ட்' என்று சொல்லிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஹாஃப் கிளட்ச் என்று சொன்னால் பயிற்சியாளருக்குப் புரியலாம், ஆனால் அவர் வாயிலிருந்து வருவது 'பைட்டிங் பாயிண்ட்' அல்லது சுருக்கமாக 'பைட்'. அப்புறம் ஒரு வேடிக்கை. இந்த ஊரில் பெட்ரோல் பெட்ரோல்தான், ஆனால் ஆக்ஸிலரேட்டருக்கு மட்டும் பயிற்சியாளர்கள் அமெரிக்கர்களைப் போல 'கேஸ்' என்பார்கள். 'மோர் கேஸ்' என்று காதில் விழுந்தால் சிலிண்டரைத் தேடாமல் மெதுவாக மிதியுங்கள்.

ஸ்டெப்னி என்று சொன்னால் பெரும்பாலானோர் விழிப்பார்கள். 'ஸ்பேர் வீல்' என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் அந்தப் பெயர் பிறந்ததே இங்கேதான். வேல்ஸில் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் அவசரத்துக்கு மாட்டும் உபரிச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். தெருப் பெயர் சக்கரத்தோடு சேர்ந்து கப்பலேறி நம் ஊர் பஞ்சர் கடையில் தங்கிவிட்டது. சொந்த ஊரில் அதை மறந்துவிட்டார்கள்.

படி 2: 'புல்' குடும்பமும் 'ஆஃப்' குழப்பமும்

இந்தப் படிக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

'புல் அப்' என்றால் வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்து. 'புல் ஓவர்' என்றால் ஓரங்கட்டு. போலீஸ் நிறுத்தச் சொல்லும்போதும் இதுதான். 'புல் இன்' என்பதும் ஓரத்துக்கு வருவதுதான். ஓவர்டேக் செய்துவிட்டு மறுபடி இடது பக்கம் உள்ளே வருவதற்கும் அதையே சொல்வார்கள். 'புல் அவுட்' நேர் எதிர்: ஓரத்திலிருந்தோ பக்கத்து ரோட்டிலிருந்தோ ஓடிக்கொண்டிருக்கும் டிராஃபிக்குள் வண்டியை விடுவது. 'டோண்ட் புல் அவுட் யெட்' என்றால் 'இன்னும் விடாதே, வண்டி வருது'. 'புல் அவே' என்றால் நின்ற இடத்திலிருந்து கிளம்பு.

இதில் எதிலும் கையால் இழுக்கும் வேலை கிடையாது. 'புல்' என்றதும் ஹேண்ட்பிரேக்கை நோக்கிக் கை போனால், அந்தப் பழக்கத்தை வகுப்பிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது 'மூவ் ஆஃப்'. நம் காதில் 'ஆஃப்' என்றாலே அணைப்பதுதான்: லைட் ஆஃப், ஃபேன் ஆஃப், வண்டி ஆஃப். இங்கே 'மூவ் ஆஃப்' என்றால் கிளம்பு. 'ஸெட் ஆஃப்' என்றாலும் கிளம்பு. இன்ஜினை அணைக்கச் சொல்வதாக இருந்தால் 'ஸ்விட்ச் ஆஃப் தி இன்ஜின்' என்று முழுசாகச் சொல்வார்கள். 'கம் ஆஃப் த கேஸ்' என்றால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு. 'ஈஸ் ஆஃப் த கேஸ்' என்றால் சட்டென்று எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடு. இந்த 'ஆஃப்' எல்லாவற்றிலும் இருப்பது விலகுதல்: நின்ற இடத்தைவிட்டு வண்டி விலகுகிறது, பெடலைவிட்டுக் கால் விலகுகிறது.

'கவர் த பிரேக்' இன்னொரு கண்ணி. பிரேக்கை மிதிக்கச் சொல்லவில்லை. மிதிக்கத் தயாராக, காலைப் பிரேக்குக்கு மேலே தொடாமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில், பஸ் ஸ்டாப்பில் இதை அடிக்கடி கேட்பீர்கள். 'ஹோல்ட் பேக்' என்றால் முன்னால் போகிறவருக்கு இடம்விட்டுப் பின்தங்கி வா. 'சேஞ்ச் அப்', 'சேஞ்ச் டவுன்' இரண்டும் கியரைக் கூட்டுவதும் குறைப்பதும்.

'ஃபுல் லாக்' என்றால் எதையும் பூட்ட வேண்டாம். ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் முழுசாக ஒடிக்க வேண்டும். 'ஸ்ட்ரெய்ட்டன் அப்' என்றால் ஒடித்ததை நேராக்கு.

சரி, இவையெல்லாம் ஒரே மூச்சில் வந்தால் எப்படி இருக்கும்? முதல் வகுப்பில் பயிற்சியாளர் சொல்வது கிட்டத்தட்ட இப்படித்தான்: 'கிளட்ச் டவுன், இன்ட்டு ஃபர்ஸ்ட், ஸெட் த கேஸ், ஃபைண்ட் யுவர் பைட், செக் யுவர் பிளைண்ட் ஸ்பாட், ஹேண்ட்பிரேக் ஆஃப், அவே வி கோ.' கிளட்சை மிதி, முதல் கியர் போடு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து அப்படியே வை, கிளட்ச் பிடிக்கும் இடம் வரை காலைத் தூக்கு, கண்ணாடியில் தெரியாத வலது தோள்பக்கம் திரும்பிப் பார், ஹேண்ட்பிரேக்கை இறக்கு, கிளம்பு. இதில் 'ஸெட் த கேஸ்' என்பதில்தான் பலர் நிற்பார்கள். இன்ஜின் சத்தம் லேசாக உயர்ந்து ஒரே சீராக இருக்கிற அளவுக்கு மிதித்து, காலை அசைக்காமல் வைத்திருப்பதுதான் அது.

வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வாயால் சொல்லிக்கொண்டே கால்களை அசைத்துப் பாருங்கள். பிறர் பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மனசுக்குள் தமிழாக்கி, அப்புறம் காலை அசைக்கிற அந்த ஒரு நொடித் தாமதம் போக வேண்டுமானால் சொல்லும் அசைவும் ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி: நண்பர் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவர் செய்வதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போங்கள். 'ஹி இஸ் புல்லிங் இன், ஹி இஸ் ஸ்லோயிங் டவுன்' என்று. நண்பர் பொறுமைசாலியாக இருப்பது நல்லது.

படி 3: தேர்வாளரின் வாக்கியங்கள்

தேர்வாளர் பேசுவது பயிற்சியாளர் பேசுவதைவிடச் சுலபம். அவர் வாக்கியங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வருபவை. முதலில் சுமார் 20 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வார். ஆங்கிலத்தில் வாயால் சொல்ல வராவிட்டால் எழுதிக் காட்டலாம், அதற்கு அனுமதி உண்டு.

வண்டிக்குள் உட்கார்ந்ததும் ஒரு நீள வாக்கியம் வரும்: 'ஃபாலோ த ரோட் அஹெட் அன்லெஸ் டிராஃபிக் ஸைன்ஸ் டைரக்ட் யூ அதர்வைஸ், ஆர் அன்லெஸ் ஐ ஆஸ்க் யூ டு டர்ன்.' போர்டு வேறு விதமாகச் சொன்னாலோ நான் திரும்பச் சொன்னாலோ தவிர, நேராகவே போய்க்கொண்டிருங்கள் என்பதுதான் சங்கதி. அதாவது அவர் வாய் திறக்காவிட்டால் நேராக. 'அடுத்து எங்கே?' என்று கேட்கவே வேண்டாம்.

'மூவ் ஆஃப் வென் யூ ஆர் ரெடி.' இதில் 'ரெடி' நீங்கள் மட்டுமல்ல, ரோடும் ரெடியாக இருக்க வேண்டும். சொன்ன மறுநொடி கிளம்பினால் கண்ணாடி பார்க்கவில்லை என்று எழுதிக்கொள்வார்.

'புல் அப் ஆன் த லெஃப்ட் அட் எ கன்வீனியண்ட் பிளேஸ், ப்ளீஸ்.' 'கன்வீனியண்ட்' என்பதை உங்கள் வசதி என்று எடுத்துக்கொண்டு கண்ட இடத்தில் நிறுத்தாதீர்கள். யார் வீட்டு வாசலையும் மறிக்காத, முனைக்குப் பக்கத்தில் இல்லாத, பஸ் ஸ்டாப் இல்லாத இடமாக நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வுக்கும் சேர்த்துத்தான் மார்க்.

'அட் தி எண்ட் ஆஃப் த ரோட், டர்ன் ரைட்.' முட்டுச் சந்து என்று பயப்பட வேண்டாம். இந்த ரோடு இன்னொரு ரோட்டில் போய் முட்டும் இடத்தில் வலது பக்கம் திரும்பு என்பதுதான் பொருள். உண்மையான முட்டுச் சந்துக்குப் போர்டில் 'நோ த்ரூ ரோட்' என்று இருக்கும்.

'டேக் த நெக்ஸ்ட் ரோட் ஆன் த லெஃப்ட்', 'டேக் த செகண்ட் ரோட் ஆன் த ரைட்': முதலாவதா இரண்டாவதா என்பதைக் காதில் பிடித்தால் போதும். ரவுண்ட்அபவுட்டில் 'டேக் த செகண்ட் எக்ஸிட்' என்றால், நுழைந்ததிலிருந்து வரும் கிளைகளை எண்ணி இரண்டாவதில் வெளியேற வேண்டும். நுழையும் முன் வலது பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். நம் ஊர் ரவுண்டானாவில் யார் மூக்கை முதலில் நுழைக்கிறார்களோ அவர்களுக்கே வழி என்ற நியாயம் இங்கே செல்லாது.

டெஸ்டின் ஒரு பகுதியில் பெரும்பாலும் சாட்நேவ் (வழி சொல்லும் கருவி) சொல்கிறபடி ஓட்ட வேண்டியிருக்கும். அதில் 'பேர் லெஃப்ட்' என்று வந்தால் முழுசாகத் திரும்பாமல் இடது பக்கம் சாய்ந்தாற்போல் பிரியும் வழியில் போகச் சொல்கிறது. வழி தவறிப் போனாலும் பாதுகாப்பாகப் போனால் மார்க் குறையாது. சரியான வழியைப் பிடிக்கிறேன் என்று கடைசி நொடியில் ஒடித்தால்தான் வினை.

காதில் சரியாக விழவில்லையா? 'ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?' என்று கேளுங்கள். கேட்டதற்காக யாரும் ஃபெயிலாக்குவதில்லை. அரைகுறையாகப் புரிந்துகொண்டு தலையாட்டுவதுதான் ஆபத்து, நம்மில் நிறையப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு.

படி 4: 'டெல் மீ', 'ஷோ மீ'

கிளம்பும் முன் ஒரு 'டெல் மீ' கேள்வி, ஓட்டும்போது ஒரு 'ஷோ மீ' கேள்வி. கேள்விப் பட்டியல் அரசு இணையதளத்திலேயே இருக்கிறது. பிரேக் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்பது ஒரு கேள்வி. பதிலில் மூன்று விஷயம்: பிரேக் 'ஸ்பாஞ்சி'யாகவோ 'ஸ்லாக்'காகவோ இருக்கக் கூடாது, கிளம்பியதும் ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும், வண்டி 'புல் டு ஒன் சைட்' செய்யக் கூடாது. பஞ்சு மாதிரி அமுங்குவது, தொய்வாக இருப்பது, ஒரு பக்கமாக இழுப்பது. நம் மெக்கானிக் சொல்வதும் அட்சரம் பிசகாமல் இதேதான், அதனால் சுலபமாக மனசில் நிற்கும். டயர் கேள்வியில் 'ட்ரெட்' என்பது டயரின் வரிப்பள்ளம். குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். 'கட்ஸ்', 'பல்ஜஸ்' இருக்கக் கூடாது, அதாவது வெட்டும் கூடாது, புடைப்பும் கூடாது.

'ஷோ மீ' கேள்விக்கு வாய் வேண்டாம், கை போதும். கண்ணாடியில் தண்ணீர் அடித்துத் துடைப்பது, பின் கண்ணாடியின் 'டிமிஸ்டர்' போடுவது, ஹார்ன் அடிப்பது மாதிரிதான். டிமிஸ்டர் என்றால் கண்ணாடியில் படியும் ஆவியை நீக்குவது. மதுரையில் ஓட்டியவருக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது, அதனால் முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னாலும் இந்தப் பகுதியில் போவது ஒரு சின்னப் பிழைதான்.

ஹார்ன் என்றதும் ஒன்று. குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை ஓட்டும்போது அடிக்கக் கூடாது, நின்றுகொண்டிருக்கும்போது எந்நேரமும் கூடாது. வேறொரு வண்டியால் ஆபத்து வந்தால் மட்டும் விலக்கு. ஹெட்லைட்டை மின்னவிடுவதும் அப்படித்தான். நம் ஊரில் எதிரில் லைட் அடித்தால் 'நான் வர்றேன், நீ நில்லு'. இங்கே பலர் அதையே 'நீ போ' என்ற பொருளில் அடிக்கிறார்கள். விதிப் புத்தகமோ 'நான் இங்கே இருக்கிறேன்' என்று காட்டுவதற்கு மட்டுமே அடிக்கச் சொல்கிறது. ஆகவே யார் மின்னினாலும் நீங்களே பார்த்து முடிவு செய்துதான் நகர வேண்டும்.

படி 5: போர்டுகள்

போர்டுகளில் படம் பேசிவிடும், அதிகம் கவலை வேண்டாம். தலைகீழ் முக்கோணம் 'கிவ் வே', வழி விடு. 'டைவர்ஷன்' மாற்று வழி. 'கெட் இன் லேன்' என்றால் உன் லேனை இப்போதே பிடி. வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடு இருந்தால் வேகத்துக்கு வரம்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது 'நேஷனல் ஸ்பீட் லிமிட்': காருக்கு நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் 60 மைல், தடுப்பு உள்ள 'டூயல் கேரேஜ்வே'யில் 70 மைல். எல்லாம் மைல் கணக்கு என்பதை மறக்க வேண்டாம், 30 மைல் என்பது ஏறத்தாழ 48 கிலோமீட்டர். தெருவிளக்கு உள்ள ஊர்ப்பகுதிகளில் பொதுவாக 30. வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து 20.

படி 6: முடிவு சொல்லும்போது

வண்டியை நிறுத்தியதும் 'தட்ஸ் தி எண்ட் ஆஃப் த டெஸ்ட்' என்பார். அப்புறம் வரும் சொல் 'ஃபால்ட்'. 'டிரைவிங் ஃபால்ட்' என்பது சின்னப் பிழை, பேச்சில் 'மைனர்'. 15 வரை இருந்தாலும் பாஸ். 'ஸீரியஸ்' அல்லது 'டேஞ்சரஸ்' ஒன்றே ஒன்று இருந்தாலும் ஃபெயில். காரணத்தைச் சொல்லும்போது 'அப்ஸர்வேஷன்' என்றால் சரியாகச் சுற்றிப் பார்க்கவில்லை, 'ஹெஸிடேஷன்' என்றால் போக வேண்டிய இடத்தில் தயங்கி நின்றீர்கள், 'பொஸிஷனிங்' என்றால் ரோட்டில் இருக்க வேண்டிய இடத்தில் வண்டி இல்லை. இந்த மூன்றில் எது வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அடுத்த டெஸ்டுக்குக் குறைந்தது 10 வேலை நாள் இடைவெளி விட வேண்டும். தியரி பாஸ் சான்றிதழ் 2 வருஷம்தான் செல்லும், தேதியைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கே அடுத்ததற்குப் பதிவு செய்துவிடுங்கள்.