பிள்ளைங்களுக்கு ஸ்கி லெசன் புக் பண்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

லண்டன்ல இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேரு இப்ப பிப்ரவரி ஹாஃப் டெர்ம் லீவுக்கு (ஸ்கூல் பருவத்துக்கு நடுவுல வர்ற லீவு) பிரான்ஸ் பக்கம் ஆல்ப்ஸ் மலைக்கு ஸ்கி, அதான் பனிச்சறுக்கு, பண்ணப் போறாங்க. நம்மள்ல பாதி பேருக்கு ஸ்கி தெரியாது, பனியையே வளர்ந்தப்புறம்தான் பாத்திருப்போம், அதனால ஸ்கி ஸ்கூல்ல என்ன கேக்கணும்னே தெரியாம விலையை மட்டும் பாத்து பட்டன அமுக்கிடுறோம். நானும் அப்படித்தான் அமுக்குனேன்.

நான் பண்ணின பெரிய தப்பு முழு நாள் லெசன். காசுக்கு லாபம், நாங்களும் கொஞ்சம் ஃப்ரீயா இருக்கலாம்னு நெனச்சு 5 வயசு பொண்ண காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் விட்டோம். மொத நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடியே தூங்கிட்டாளாம். ரெண்டாவது நாள் பூட்ஸ பாத்ததுமே அழுகை, மூணாவது நாள் நான் வரலேன்னு கட்டில விட்டு எறங்கல, மீதி நாளுக்குக் கட்டின காசு அம்போ. யோசிச்சுப் பாருங்க, கால்ல கல்லு மாதிரி பூட்ஸ், குளிரு, மலை உயரம், புரியாத பாஷை, விழுந்து விழுந்து எந்திரிக்கணும், பெரியவங்களே 2 மணி நேரத்துல சோர்ந்துடுவோம். புதுசா ஆரம்பிக்கிற சின்னப் பிள்ளைக்கு காலைல ரெண்டரை மூணு மணி நேரம் போதும், மத்தியானம் ஸ்லெட்ஜ், ஹாட் சாக்லேட்னு விட்டுருங்க. 8, 9 வயசுக்கு மேலன்னா முழு நாள் தாங்கும், அதுவும் பிள்ளையப் பொறுத்து.

அடுத்தது நம்ம ஊரு வியாதி, லெவலக் கூட்டிச் சொல்றது. பிரெஞ்சு ஸ்கி ஸ்கூல்ல, அதான் சிவப்பு ஜாக்கெட் போட்ட இஎஸ்எஃப் காரங்க, 3லேர்ந்து 5 வயசு வரைக்கும் பியூ பியூ கிளப்னு வெச்சிருக்காங்க (கோழிக்குஞ்சு கத்துற சத்தம்தான் பேரு), வேலி போட்ட இடத்துல மேஜிக் கார்ப்பெட்ல (நின்னபடியே மேல கொண்டு போற ஓடுற பெல்ட்) ஏறி, சறுக்கி எறங்கி வெளையாட்டாவே கத்துக்கும். அதுக்கு மேல ஊர்சோன், அதாவது கரடிக்குட்டி, அப்புறம் ஃப்ளோகோன், அதாவது ஸ்னோஃப்ளேக், அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஸ்டார். போன வருஷம் ஒரு வாரம் போனான், ஈஸியா ஃபர்ஸ்ட் ஸ்டார் பண்ணிடுவான்னு ஃபார்ம்ல போட்டுடுறோம், ஆனா அந்தப் பையன் பீட்சா துண்டு வடிவத்துல, அதாவது முன்பக்கம் சேத்து பின்பக்கம் விரிச்சு, ஸ்கிய வெச்சு நிக்கவே இப்பதான் பழகியிருப்பான். குரூப்ல எல்லாரும் எறங்கிப் போயிருவாங்க, இவன் மட்டும் மேல நின்னு அழுவான். கீழ் லெவல்ல போட்டா ஒண்ணும் குடி முழுகிடாது, சாதாரணமா மொத நாள் பாத்துட்டு அவங்களே மேல ஏத்திடுவாங்க. இன்னொண்ணு, சரிவு எவ்வளவு கஷ்டம்னு கலர் வெச்சுத்தான் சொல்வாங்க, பிரான்ஸ்ல பச்சைதான் ரொம்ப ஈஸியான சரிவு, நீலம் அதுக்கு மேல, ஆனா சுவிஸ், ஆஸ்திரியா பக்கம் பெரும்பாலும் நீலத்துலேர்ந்துதான் ஆரம்பமே, அதனால "ப்ளூல போயிருக்கான்"னு சொன்னா எந்த நாட்டு ப்ளூன்னும் சேத்து சொல்லுங்க.

மீட்டிங் பாயிண்ட் எங்கன்னு பாக்காம புக் பண்றது இருக்கே, அது வெப்சைட்ல பாக்குறப்ப தெரியாது, மொத நாள் காலைலதான் தெரியும். 9 மணிக்கு லெசன்னா பிள்ளைக்கு பாத்ரூம், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் முடிச்சு, ரெண்டு ஜோடி ஸ்கிய நீங்க தோள்ல தூக்கிட்டு, மேடு பள்ளத்துல வழுக்கி வழுக்கிப் போகணும். 10 நிமிஷ நடைன்னு போட்டிருந்தா பிள்ளையோட 25 நிமிஷம்னு வெச்சுக்கோங்க. மொதல்ல ஸ்கி ஸ்கூல் இடத்தப் பாருங்க, அப்புறம் அதுக்குப் பக்கத்துல ரூமப் பாருங்க, நாம எல்லாரும் தலைகீழா பண்றோம். பிரான்ஸ்ல அவோரியாஸ் மாதிரி காரே ஓடாத ஸ்கி ஊருன்னா இந்தத் தொல்லை கம்மி, 1968 ஒலிம்பிக்ல மெடல் வாங்கின அன்னி ஃபாமோஸ் ஆரம்பிச்ச பிள்ளைங்க ஸ்கி கிராமம் அங்க ஊருக்கு நடுவுலயே இருக்கு.

குரூப்ல எத்தனை பேருன்னு நேரா கேளுங்க, கூச்சப்படாதீங்க. கூட்டமான வாரத்துல 10, 12 பிள்ளைங்கள ஒருத்தரே பாத்துக்கறதும் உண்டு, 6 அல்லது 8 பேருக்கு மேல எடுக்காத சின்ன ஸ்கூல்களும் இருக்கு, விலை கூடதான் ஆனா 4 வயசுப் பிள்ளைக்கு அந்தக் காசு தகும். இன்ஸ்ட்ரக்டர் இங்கிலீஷ் பேசுவாரான்னு புக் பண்றப்பவே எழுதிக் கேட்டுருங்க, அங்க போய் கேட்டா குரூப் ஃபுல்னுதான் பதில் வரும். சேர்லிஃப்ட் (கம்பில தொங்கி மலை மேல போற நாற்காலி) பத்தியும் கேளுங்க, 1.25 மீட்டருக்குக் கம்மியான பிள்ளைங்க பெரியவங்க கூடத்தான் ஏறணும்னு பல இடத்துல விதி, ஒரு இன்ஸ்ட்ரக்டர் அத்தனை பேரு கூடவும் உக்கார முடியாதில்ல, வரிசைல நிக்கிற யாரோ ஒருத்தர் கூட உக்கார வெச்சு அனுப்புவாங்க. இது முன்னாடியே தெரிஞ்சா பதற மாட்டீங்க.

லெசன் காசுல லிஃப்ட் பாஸ் (மேல ஏத்திட்டுப் போற லிஃப்ட்டுக்கான டிக்கெட்), ஹெல்மெட், ஸ்கி வாடகை எல்லாம் சேந்திருக்கும்னு நெனைக்காதீங்க, அநேகமா தனித்தனிதான். சாதாரண டிராவல் இன்சூரன்ஸ்ல குளிர்கால விளையாட்டு வராம இருக்கலாம், பாத்து சேத்துக்கோங்க. இத்தாலி பக்கம் போறவங்களுக்கு, 2022லேர்ந்து 18 வயசுக்குள்ள மட்டும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமா இருந்துச்சு, 2025 நவம்பர்லேர்ந்து எல்லா வயசுக்கும் கட்டாயம், அடுத்தவங்கள இடிச்சா நஷ்ட ஈடு குடுக்கற இன்சூரன்ஸும் வேணும்.

அடுத்த வருஷமும் ஆகட்டும்னு ஒரு சைஸ் பெருசா பூட்ஸ் எடுக்கற பழக்கம் இங்க வேண்டவே வேண்டாம், கால் உள்ள ஆடினா ஸ்கிய திருப்பவே முடியாது. குளிருதேன்னு ரெண்டு மூணு சாக்ஸ் மாட்டறதும் தப்பு, மடிப்பு குத்தும், ரத்த ஓட்டம் கொறஞ்சு கால் இன்னும் சில்லுனு ஆகும். முழங்கால் வரைக்கும் வர்ற ஒரே சாக்ஸ் போதும். விரல் தனித்தனியா இருக்கற கிளவுஸ விட நாலு விரலும் ஒண்ணா உள்ள போற மிட்டன் நல்லது, மாட்டி விடறதும் சுலபம்.

லெசன் நடக்கறப்போ வேலிக்கு வெளிய நின்னு பாக்காதீங்க, உங்க மூஞ்சியப் பாத்தாதான் அழுகையே வரும். எங்க வீட்டம்மாவால முடியல, மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னாங்க, பொண்ணு மூணே நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டா.